இடது பக்கத்துச் சிலைடு

ஜூன் 3, செவ்வாய்

இன்று வந்த பாட்டில்கள் ஒன்பது. ஐந்து பித்தப்பை, இரண்டு குடல்வால், ஒரு கொழுப்புக் கட்டி. ஒன்பதாவது ஒரு மேதையின் கைவண்ணம். பார்மலினில் போட வேண்டிய கர்ப்பப்பைத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார். மூடியைத் திறந்ததும் லேப் முழுக்க நாறியது. எம்.எஸ். படித்தவராம். ஊறுகாய் போடத் தெரிந்தவர்களுக்குக்கூட இந்தத் தப்பு வராது.

மதியம் ஒரு பெண் வந்து நின்றாள். நாச்சிமுத்து உள்ளே விட்டுவிட்டான். இருபத்திரண்டு வருடமாக என்னிடம் டெக்னீஷியன். துண்டை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டத் தெரியும். வருகிறவர்களை வாசலோடு அனுப்பத் தெரியாது. நான் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. மனிதர்களைத் துண்டாக மட்டும் பார்த்தால் போதும் என்றுதான் பெத்தாலஜி படித்தேன்.

பெயர் தமயந்தி. முப்பது, முப்பத்தொன்று வயதிருக்கும். கையில் எங்கள் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ். போன அக்டோபரில் அவள் புருஷன் மோகனசுந்தரத்துக்கு டாக்டர் ஜெகந்நாதன் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் செய்திருக்கிறார். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு விந்துக் குழாய்களிலும் சிறு துண்டு வெட்டி, தனித்தனிப் பாட்டிலில் எங்களுக்கு அனுப்புவது அவர் ஆஸ்பத்திரி வழக்கம். வெட்டியது குழாயைத்தானா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வலது: குழாய். இடது: குழாய். கீழே டாக்டர் கனகமணி என்று என் கையெழுத்து.

இப்போது இவள் இரண்டரை மாதம் முழுகாமல் இருக்கிறாள்.

“ஆப்பரேஷன் சரியா ஆயிருச்சுன்னு இந்தக் காயிதம் சொல்லுதாமுங். அப்பறம் வவுத்துல இருக்கறது ஆருதுன்னு கேக்கறாங். இதுல என்ன எழுதியிருக்குதுன்னு நீங்களே சொல்லுங் டாக்டரம்மா.”

“ரெண்டு பக்கமும் குழாய் இருந்துச்சுன்னு எழுதியிருக்கு.”

“தப்பா இருக்க வழியே இல்லீங்ளா?”

“இல்லை.”

“ஒருக்கா எடுத்துப் பாத்துச் சொன்னீங்கன்னா…”

“வருஷத்துக்கு நாலாயிரம் சிலைடு பாக்கறேன் அம்மிணி. ஒவ்வொருத்தர் ஊட்டுச் சண்டைக்கும் அலமாரியத் திறந்துட்டு உக்காந்திருந்தா என்ற வேலை என்னாகறது?”

அழவில்லை. ஜெராக்ஸை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். “நான் தப்புப் பண்ணலீங்” என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் சொல்வது அதுதான். தப்புப் பண்ணினேன் என்று சொல்லிக்கொண்டு லேப் படியேறிய ஒருத்தியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜூன் 4, புதன்

தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறேன் என்றவன் வரவில்லை. போன் செய்தால் ‘வந்துட்டே இருக்கறனுங்’ என்கிறான். காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறான்.

ஜூன் 5, வியாழன்

சாயந்திரம் வகுப்பு. லேப் டெக்னீஷியன் படிக்கும் முப்பது பேருக்கு வாரம் ஒரு நாள் பாடம் நடத்துகிறேன். இன்று ஆணின் இனப்பெருக்கக் குழாய்கள். தலைப்பை எழுதியதுமே பின்வரிசையில் இளிப்பு. இவர்கள் கையில்தான் நாளைக்கு இந்த மாவட்டத்தின் ரத்தமும் சிறுநீரும் இருக்கப்போகிறது.

விரைக்குள் நூல் நூலாக நெளிந்து கிடக்கும் குழாய்களில் விந்தணு பிறக்கிறது. பிறக்கும்போது அதற்கு நீந்தத் தெரியாது. அங்கிருந்து எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாய்க்குள் தள்ளப்படுகிறது. அதைப் பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் வரும், ஒரு சேலையைவிட நீளம். அத்தனையும் சுருண்டு விரல் நீளத்துக்கு விரையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கடக்க ஐயாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அந்த வழியில்தான் நீந்தவே பழகுகிறார். குழாயின் உட்சுவரில் நெட்டை நெட்டையாகச் செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மயிர்க் கற்றை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் அலையடிக்கும் போலத் தோன்றும், ஆனால் அசையவே அசையாது. சுற்றியிருக்கும் திரவத்தை உறிஞ்சுவது மட்டும்தான் அதன் வேலை. எனக்குத் தெரிந்த சில குடும்பத் தலைவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அதற்கடுத்து விந்துக் குழாய். எங்கள் பேச்சில் வாஸ். தொட்டால் முறுக்கிய கயிறு மாதிரி விறைப்பாக இருக்கும். சுவரில் மூன்று அடுக்குத் தசை. உள்ளே நீளவாக்கில், நடுவில் வட்டமாக, வெளியே மறுபடியும் நீளவாக்கில். இத்தனை தடிமனுக்கும் நடுவே ஓட்டை நூல் நுழையும் அளவுதான். அந்த ஓட்டையும் வட்டமாக இருக்காது, மடிப்பு மடிப்பாக நட்சத்திரம் போல் இருக்கும். இவ்வளவு சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பந்தோபஸ்து உடம்பில் வேறெங்கும் கிடையாது. ஆண்களின் சாமான் என்றால் இயற்கைக்கும் ஒரு கவலைதான் போலிருக்கிறது.

பரீட்சையில் வருடாவருடம் பாதிப்பேர் இதைச் சிறுநீர்க் குழாய் என்று எழுதுவார்கள். இந்த வருடமும் எழுதுவார்கள்.

ஜூன் 6, வெள்ளி

நாச்சிமுத்துவுக்கு ஊர்க்கதை எல்லாம் தெரியும். கேட்காமலே சொன்னான். தமயந்திக்கு மூச்சிரைப்பு. மயக்க மருந்து கொடுக்க முடியாதென்று டாக்டர்கள் சொன்னதால் புருஷன் ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கொண்டானாம். பத்து நிமிட ஆப்பரேஷன். அதற்குப் பத்து நாள் ஆட்டுக்கால் சூப். ‘பொண்டாட்டிக்காகக் கத்திக்குப் படுத்தவன்’ என்று பங்காளிகள் எல்லாரும் வந்து ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்களாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனைக்கு வரச் சொன்னதற்கு மட்டும் போகவில்லை. அதுதான் ரிப்போர்ட் இருக்கிறதே என்றானாம். ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக்கூட இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கமாட்டான்.

இப்போது அவளை நம்பியூரில் அண்ணன் வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அவர்களை அனுப்பவில்லை. வரும் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை வைத்துப் பேசி முடிவு கட்டப் போகிறார்களாம்.

“அந்தப் புள்ளையப் பாத்தா அப்படித் தெரியலீங்” என்றான்.

“மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்க முடியும்னா எனக்கு மைக்ரோஸ்கோப் எதுக்கு? போய் மெழுகு பிளாக்கை எடு.”

ஜூன் 9, திங்கள்

வகுப்புக்குக் காட்டும் வாஸ் சிலைடு சாயம் வெளுத்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும் என்று அலமாரியைத் திறந்தேன். எந்தக் கேஸாக இருந்தாலும் சரி என்று கைக்கு வந்ததை எடுத்தேன். மோகனசுந்தரத்துடையது வந்தது.

வலது: மூன்று அடுக்குத் தசை, நட்சத்திர ஓட்டை, எல்லாம் கச்சிதம். இடது: அதுவும் அப்படியே. என் ரிப்போர்ட்டில் தப்பில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டிலும் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தில் வெளித்தசை நசுங்கியிருக்கிறது. இடுக்கி பிடித்த தடம். ஜெகந்நாதன் எப்போதும் ஒரே மாதிரிதான் பிடிப்பார்போல.

ஜூன் 10, செவ்வாய்

ஓட்டையில் ஐந்து மடிப்பு. நாலாவது மடிப்பு நுனியில் பிளந்திருக்கிறது. இரண்டு சிலைடிலும்.

தொட்டி கழுவுகிறவன் இன்றும் வரவில்லை.

ஜூன் 11, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். ஒரே ஆளின் வலப்பக்கக் குழாயும் இடப்பக்கக் குழாயும் ஒன்றுபோல் இருக்காது. ஒரே இடத்தில் நசுங்கி, ஒரே மடிப்பு ஒரே மாதிரிப் பிளந்து, பக்கத்தில் ஒரே அளவு ரத்தக்கட்டு நிற்கிறது என்றால் அது ஒரே துண்டு. அடுத்தடுத்துச் சீவிய இரண்டு சீவல். ஒரு வாழைக்காயில் சீவிய இரண்டு வில்லையை வைத்துக்கொண்டு இரண்டு வாழைக்காய் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். சிலைடைக் கையில் கொடுத்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“இடது பாட்டில்ல என்ன இருந்துச்சு?”

“ரத்தக் குழாய்தானுங். சிரை. வாஸ் இல்லீங்.”

“அப்பறம் இது எங்கிருந்து வந்துச்சு?”

“வலது பிளாக்குல இருந்து இன்னொன்னு சீவிப் போட்டனுங்.”

“ஏன்?”

மூன்றாவது தடவை கேட்டதும் சொன்னான்.

“நீங்க சொன்னதுதானுங். நாலு வருஷத்துக்கு முன்னால ஒருக்கா வாஸ் இல்லாத சிலைடு கொண்டாந்து வெச்சேனுங். ட்ரேயத் தூக்கி வீசிட்டீங். ‘ரெண்டு பக்கமும் வாஸ் இல்லாம இனி ஒரு சிலைடு என்ற மேசைக்கு வரக் கூடாது, மரமண்டை’ன்னீங். உங்ககிட்டப் பழக வந்த புது டாக்டருங்கெல்லாம் உக்காந்திருந்தாங். அதுக்கப்பறம் நான் கொண்டாரலீங்.”

நான் சொன்னது, பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவித் தேடு என்ற அர்த்தத்தில். துண்டின் மேற்பரப்பில் தெரியாவிட்டால் உள்ளே இருக்கும். எந்த முட்டாளுக்கும் புரியும். இந்த மனிதனுக்கு, என் மேசைக்கு எது வரக் கூடாது என்பது மட்டும் புரிந்திருக்கிறது.

“எத்தனை?”

“பதினொண்ணுங்.”

“உண்மையான சிலைடெல்லாம் எங்கே? எறிஞ்சுட்டியா?”

“எறியலீங். நம்பர் போட்டு வெச்சிருக்கறனுங். எறியறதுக்கு மனசு வரலீங்.”

தன் லாக்கரைத் திறந்து தினத்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தான். அழகாக, வரிசையாக, தேதியோடு. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 12, வியாழன்

ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜெகந்நாதனைப் பார்க்கப் போனேன். ரூமில் ஏசி பதினெட்டில் ஓடுகிறது. மேசையில் தன்னுடைய போட்டோவைத் தானே வைத்துக்கொண்டிருக்கிற ஆள். சிரையை வாஸ் என்று நினைத்து வெட்டிய கை அதே மேசைமேல் மோதிரத்தோடு கிடந்தது. தொட்டால் கயிறு போலிருப்பதையும் வாழைநார் போலிருப்பதையும் பிரித்தறியத் தெரியாத கை.

முழுதும் கேட்டார். பதறவில்லை.

“மேடம், நான் எதையோ வெட்டினேன். அதைச் சரிபாக்கத்தான உங்ககிட்ட அனுப்பறேன்? இல்லைன்னு நீங்க எழுதியிருந்தா அடுத்த வாரமே கூப்புட்டு மறுபடி பண்ணிருப்பேன். இருக்குன்னு எழுதுனது நீங்க.”

அந்த ஆள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

“அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. நம்ம ஆஸ்பத்திரியிலயே சுத்தம் பண்ணி அனுப்பிடலாம், இலவசமா. கதை முடிஞ்சுது. ஒருத்திக்காகப் பதினோரு கேஸைத் தோண்டினா, உங்க கையெழுத்தை அப்பறம் எவன் நம்புவான்? முப்பது வருஷப் பேரு மேடம்.”

எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆளைப் பார்த்துக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. ஆனால் முப்பது வருஷப் பேர் என்ற வார்த்தை மட்டும் வழியெல்லாம் கூட வந்தது.

ஜூன் 14, சனி

லேப் போகவில்லை. தலைவலி.

ஜூன் 16, திங்கள்

பாங்குக்குப் போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் தமயந்தியைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் பேக்கரி ஓரமாக நின்றிருந்தாள். பெல் அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள், கூட்டத்தில் என் கார் நகரவில்லை. ஒரு ஆம்னி வேனில் மாமனார் வந்து இரண்டு பெண்களையும் ஏற்றினார். சின்னவள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டப் போனவளைப் பெரியவள் இழுத்து உள்ளே உட்காரவைத்தாள். அந்தப் பெரியவளுக்கு ஒன்பது வயதிருந்தால் அதிகம். யாரோ வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வழி கிடைத்ததும் டிரைவரிடம் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லவில்லை. தமயந்தி என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கென்ன வந்தது? அந்தப் புருஷன் ஒரு டப்பாவில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் விவகாரம் முடிந்துவிடும். தமயந்தி அதைக் கேட்டதற்கு ‘ஆம்பளையச் சந்தேகப்படறதா’ என்று குதித்தானாம். பெண்டாட்டியைச் சந்தேகப்படுவதற்கு எந்த டெஸ்ட்டும் தேவைப்படவில்லை. இப்படிப்பட்டவனோடு சேர்ந்து வாழ்ந்துதான் என்ன ஆகப்போகிறது? ஒருவகையில் அவளுக்கு நல்லதுதான்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஜெகந்நாதன் எழுதியது மாதிரி இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

பதினோரு பிளாக்குகளையும் எடுத்து ஆழமாகச் சீவச் சொன்னேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இரவல் கண் வேண்டாம் என்று ஒவ்வொன்றையும் நானே பார்த்தேன். எட்டில் உள்ளே வாஸ் இருந்தது. இன்னும் பத்துச் சீவல் சீவியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். மூன்றில் கடைசிவரை சீவியும் இல்லை. மோகனசுந்தரம் அந்த மூன்றில் ஒருவன்.

நாலு வருடமாக அந்தப் பதினொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்து. ஒன்றில்கூட எனக்குத் தோன்றவில்லை. ஒரு சிலைடுக்குப் பத்து நொடி. எல்லாரும் முட்டாள்கள், நான் ஒருத்திதான் பார்க்கத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறவளுக்குப் பத்து நொடி போதும்தானே.

நாச்சிமுத்து டீ கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

தொட்டி கழுவுகிறவன் வந்துவிட்டான். வண்டல் இரண்டு வாளி.

ஜூன் 22, ஞாயிறு

கூப்பிடாத வீட்டுக்குப் போனேன். மைக்ரோஸ்கோப்பை நாச்சிமுத்து மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்தார். மோகனசுந்தரம் வீடு, பெரிய காரைக் கட்டடம். கூடத்தில் பதினைந்து ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில். பெண்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு. தமயந்தி சுவரோரம் தரையில், பக்கத்தில் அவள் அண்ணன். டீப்பாயின் மேல் லேமினேட் செய்த ரிப்போர்ட் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் யார் என்று சொன்னதும் மாமனார் எழுந்து கும்பிட்டார். “நீங்களே வந்துட்டீங்களா டாக்டரம்மா! நல்லதாப் போச்சுங். நீங்களே சொல்லிருங், எல்லாரும் கேக்கட்டும்.”

மிக்ஸி பிளக்கைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பைச் சொருகினோம். முதலில் வலது சிலைடு. “நடுவுல நட்சத்திரம் மாதிரி ஓட்டை தெரியுதா? சுத்தியும் தடியா மூணு அடுக்கு தெரியுதா? அதுதான் விந்துக் குழாய்.” பிறகு நாச்சிமுத்து எடுத்துவைத்திருந்த உண்மையான இடது சிலைடு. “இது சிரை. ரத்தம் போறது. உங்க பையனுக்கு இடது பக்கம் வெட்டுனது இதைத்தான். அந்தப் பக்கத்துக் குழாய் அப்படியே இருக்கு. வயித்துல இருக்கறது அவர் புள்ளைதான். ரிப்போர்ட் தப்பு.”

வரிசையாக வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு பெரியவர் தப்பான கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு “ஆமாமா, வித்தியாசமாத்தான் இருக்குது” என்றார். கடைசியில் மோகனசுந்தரம் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சிரிப்பு.

“அப்ப ஒரு பக்கத்துலயே… எனக்கு ஒண்ணும் குறையில்லீங்க!”

மாமனார் மகன் தோளில் தட்டினார். “நம்ம வம்சமல்ல!” யாரோ ஒருவர் கைதட்டவே தட்டினார். மூன்று வாரமாக ஒருத்தியைத் தெருவில் நிறுத்திய கூட்டம், இடப்பக்கத்துக் குழாய் ஒன்று பிழைத்துக்கிடந்ததற்குக் கல்யாண வீடு மாதிரி குதூகலித்தது. இந்தப் பதினைந்து பேரையும் மெழுகில் பதித்துச் சீவினாலும் ஒரு மூளைச் செல் தேறாது.

“செரி செரி, எந்திரி கண்ணு. நடந்தது நடந்துபோச்சு. எல்லாருக்கும் காப்பி வை” என்றாள் மாமியார்.

தமயந்தி எழுந்தாள். சமையலறைக்குப் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

“நான் லேபுக்கு வந்தன்னிக்கு இந்தக் கண்ணாடித்துண்டு அங்கதான் இருந்துச்சுங்ளா?”

“இருந்துச்சு.”

“நீங்க எப்பப் பாத்தீங்?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் என்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“ஒம்பதாம் தேதி.”

விரலை மடித்து எண்ணினாள். “பதிமூணு நாளுங்” என்றாள். அவ்வளவுதான். கூடத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. என் ஐம்பத்தேழு வயதில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் மற்றவர்களைப் பார்க்கும் பார்வை அது. எதிரே நிற்கும்போது எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

“எழுதிக் குடுங். தமிழ்ல.”

லெட்டர்ஹெட்டில் எழுதினேன்: ‘தொழில்நுட்பக் காரணங்களால் மேற்படி அறிக்கையில் பிழை ஏற்பட்டுள்ளது.’ வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல ஆருமே இல்லீங்ளே.”

இரண்டாவது தாளில், டெக்னீஷியனின் தவறால் என்று ஆரம்பித்தேன். நாச்சிமுத்து மைக்ரோஸ்கோப்பின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எழுதியதைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மூன்றாவது தாளில் எழுதினேன்: ‘இடது பக்கக் குழாய் வெட்டப்படவில்லை. சிலைடை நான் ஒழுங்காகப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். தமயந்தி நேரில் வந்து கேட்டபோது பார்க்க மறுத்தேன். தெரிந்த பிறகும் பதின்மூன்று நாள் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை. கனகமணி.’

சத்தமாகப் படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, “நாளைக்குப் போயி டெஸ்ட் குடுத்துட்டு வாங்” என்றாள்.

“அதான் தெரிஞ்சுபோச்சே, இனி எதுக்கு?”

“எனக்கு மொதல்லயே தெரியும். உங்களுக்குத் தெரியோணும். குடுத்துட்டு, அந்தக் காயிதத்த எடுத்துட்டு நம்பியூருக்கு வாங். அப்பறம் பேசிக்கலாம்.”

இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, அவர்களின் ஸ்கூல் பைகளை அவளே எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. அண்ணன் பைக்கில் நாலு பேர் போக முடியாது, காரில் விடட்டுமா என்று கேட்டேன். வேண்டாமுங் என்றாள். பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

ஜூன் 23, திங்கள்

காலை பத்து மணிக்கு மோகனசுந்தரம் வந்தான். பாத்ரூமுக்குள் முக்கால் மணி நேரம். டப்பாவைத் தாளில் சுற்றி, செத்த எலியைப் போல எட்டிப் பிடித்துக் கொண்டுவந்தான். கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. எழுதிக் கொடுத்தேன்.

“நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வந்துருவாளுங்” என்றான்.

“என்ற வார்த்தையை அவ கேப்பாளா? நேத்து நீயும் அங்கதான இருந்தே?”

போய்விட்டான். இடது பக்கம் தவறிய மூன்று பேரில் மற்ற இருவருக்கும் போன் செய்ய உட்கார்ந்தேன். ஜெகந்நாதன் செய்யமாட்டார். முதல் ஆள் எடுத்தார், விஷயத்தைச் சொன்னேன். சத்தம் போட்டார். நாளை டெஸ்ட்டுக்கு வருகிறார்.

இரண்டாவது நம்பரில் ஒரு பெண் எடுத்தாள். புருஷன் வேலைக்குப் போயிருக்கிறார், நான்தான் சம்சாரம், என்னன்னு சொல்லுங் என்றாள். மூன்று வருடத்துக்கு முன் செய்த ஆப்பரேஷன் ஒரு பக்கம் தவறிவிட்டது, ரிப்போர்ட் தப்பு, தப்பு என்னுடையது, குழந்தை தரித்தாலும் தரிக்கும், ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பாடம் ஒப்பிப்பது மாதிரி காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தேன்.

லைன் போய்விட்டதோ என்று ‘ஹலோ’ என்றேன்.

“தரிச்சுதுங்” என்றாள், மிக மெதுவாக. “போன வருஷம் ஆடியில. ரிப்போர்ட்டுல ரெண்டும் ஆயிருச்சுன்னு போட்டிருந்துச்சுங்ளே, நான் சொன்னா ஆரு நம்புவாங்கன்னு ஆருக்கும் தெரியாம மாத்திரை வாங்கிப் போட்டுட்டனுங். மூணு நாள் ரத்தம் நிக்கலீங். மாசக்கணக்குதான்னு ஊட்டுல சொன்னேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“பையனாத்தான் இருந்திருக்கும்னு நெனச்சுக்குவனுங். எனக்கே சில நாள் சந்தேகமா இருக்குமுங். ரிப்போர்ட்டுல அப்படி இருக்கறப்ப, நாந்தான் என்னமோ பண்ணிட்டனோன்னு. பைத்தியமே புடிச்சுரும் போல இருக்குமுங்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நான் ஒண்ணும் பண்ணலீங்ளே?”

“இல்லைம்மா. நீங்க ஒண்ணும் பண்ணலை.”

“இன்னொருக்கா சொல்லுங்” என்றாள்.

சொன்னேன்.